சுயமோகம், சூழ்ச்சி, ஈரமின்மை: கேள்விகளுக்கு ஓர் உளவியலாளரின் பதில்கள்

நாகர்கோவில் கல்லூரியொன்றில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவ உளவியலாளராக இன்றும் ஆட்களைப் பார்த்து வருகிறேன். 'டார்க் ட்ரையாட்' எனப்படும் இருண்ட குணங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்ததும் மாவட்டத்தின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நேரில் பார்த்துப் பேசாத எவருக்கும் நான் நோயின் பெயரைச் சூட்ட மாட்டேன் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

தக்கலை, கல்லூரி மாணவர்: டீச்சர், அந்த மூன்று குணங்கள் எவை? ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்?

நார்சிசம் என்னும் சுயமோகம், மாக்கியவெல்லியம் என்னும் சூழ்ச்சி மனப்பான்மை, சைக்கோபதி என்னும் ஈரமற்ற தன்மை ஆகியவையே அந்த மூன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் இருவரும் 2002இல் 245 மாணவர்களை ஆராய்ந்து, இவை ஒன்றோடொன்று உறவுடையவை, ஆனாலும் ஒன்றே அல்ல என்று எழுதினார்கள்.

மூன்றும் வெவ்வேறு வழியாக வந்தவை, தம்பி. சைக்கோபதியைப் பற்றிய இன்றைய சித்திரம், ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் தம் நோயாளிகளைப் பற்றி 1941இல் எழுதியதிலிருந்தும், பிறகு ராபர்ட் ஹேர் சிறைக் கைதிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்தும் உருவானது. சுயமோகம் மனப்பகுப்பாய்வில் பிறந்து, 1979இல் ராஸ்கின், ஹால் இருவரும் அமைத்த வினாத்தாளின் மூலம் சாதாரண மக்களை அளக்கும் கருவியானது. மாக்கியவெல்லியத்துக்கோ மருத்துவமனையோடு தொடர்பே இல்லை. இத்தாலிய அரசியல் சிந்தனையாளரான மாக்கியவெல்லியின் எழுத்துகளை ஒட்டி இருபது வாக்கியங்களை அமைத்து, அவற்றை யார் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார்கள் என்று கிறிஸ்டியும் கெய்ஸும் அளந்தார்கள். அவர்களுடைய நூல் 1970இல் வெளிவந்தது.

பிறரைத் தம் காரியத்துக்குப் பயன்படுத்துவதும் பிறர் வலியில் மனம் கசியாதிருப்பதும் மூன்றுக்கும் பொது. வேறுபடுவது நோக்கத்திலும் பொறுமையிலும்தான். சுயமோகிக்குப் புகழ் வேண்டும். சூழ்ச்சிக்காரர் காத்திருந்து, கணக்குப் பார்த்து, தம் நற்பெயர் கெடாமல் காரியம் முடிப்பவர். சைக்கோபதி மிகுந்தவர் அந்தக் கணத்து உந்துதலில் இறங்கிவிட்டு விளைவைப் பற்றிக் கவலைப்படாதவர். ஆனால் சூழ்ச்சி மனப்பான்மையை அளக்கும் வினாத்தாள்கள் நடைமுறையில் சைக்கோபதியையே மறுபடி அளக்கின்றன என்ற விமர்சனம் வலுவாக உள்ளது. அதை நானும் ஏற்கிறேன்.

வடசேரி, வங்கி ஊழியர்: இணையத்தில் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட சோதனையில் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது. நான் சைக்கோபாத்தா?

அதைக் கொண்டு அப்படி முடிவு கட்ட இயலாது. நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் ஜோனாசன், வெப்ஸ்டர் இருவரும் 2010இல் வெளியிட்ட சுருக்க வினாத்தாளாக இருக்கும். ஒரு குணத்துக்கு நான்கே கேள்விகள். ஆய்வில் பெருங்கூட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க அமைத்தது அது, தனியொருவருக்குத் தீர்ப்புச் சொல்ல அன்று. ஹேர் உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியலில் இருபது கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று அல்லது இரண்டு என மொத்தம் நாற்பது. வட அமெரிக்காவில் முப்பதும் அதற்கு மேலும் எடுத்தவரையே வழக்கமாகச் சைக்கோபாத் என்பார்கள். பயிற்சி பெற்றவர் நேரில் விரிவாகப் பேசி, பழைய ஆவணங்களையும் பார்த்த பிறகே அந்த மதிப்பெண்ணை இடுவார். 'கவலைப்படுகிறாய் அல்லவா, அதனால் உனக்கு இல்லை' என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதையும் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

குளச்சல், மீன் வியாபாரி: வளைகுடா நாட்டு விசா தருவதாகச் சொல்லி ஒருவன் எங்கள் கடற்கரையில் பல வீடுகளில் பணம் வாங்கிவிட்டான். கண்ணில் நீர் வரும்படி பேசுவான். இவன் சைக்கோபாத் தானே?

அண்ணாச்சி, ஏமாற்றுவதற்கு மனக்கோளாறு எதுவும் தேவையில்லை. அவனுடைய மனத்தை ஆராய்வதில் நாள் கடத்தாமல் பணம் கொடுத்தவர்கள் ஒன்றுகூடிக் காவல் துறையில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அடுத்தவன் வந்து அழும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள்.

குலசேகரம், ஒரு தாய்: என் மகனுக்கு ஆறு வயது. தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுகிறான். ரப்பர் தோட்டத்தில் ஓணானைக் கண்டால் கல்லெடுக்கிறான். பிற்காலத்தில் கொடியவன் ஆகிவிடுவானோ என்று தூக்கம் வரவில்லை.

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், அம்மா. தும்பியும் ஓணானும் மட்டும் அடையாளமாகிவிட்டால் நம் மாவட்டத்தில் தப்பிப்பவர் சிலரே இருப்பர். கூடப் படிக்கும் பிள்ளை விழுந்து முட்டி சிராய்த்தால் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 'அதற்கும் வலிக்குமே' என்று நீங்கள் சொன்னதும் கை ஒரு நொடி தயங்குகிறதா? தவறு செய்துவிட்டு உங்கள் மடியைத் தேடி வருகிறானா? இவை இருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கவலைப்பட வேண்டிய நிலை எது என்பதற்கு மருத்துவத்தில் வரையறை உண்டு. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு, கடுமையான நடத்தைக் கோளாறு ஏற்கெனவே உள்ள பிள்ளைகளிடம் மட்டும் நான்கு கூறுகளைப் பார்க்கச் சொல்கிறது: குற்ற உணர்வின்மை, பிறர் துயரில் அக்கறையின்மை, தன் படிப்பு அல்லது வேலை கெடுவதைப் பற்றிக் கவலையின்மை, மேலோட்டமான உணர்ச்சி. இவற்றில் குறைந்தது இரண்டு, பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல், வீடு, பள்ளி என்று பல இடங்களிலும் தொடர்ந்திருக்க வேண்டும். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரைப் பதினெட்டு வயதுக்கு முன் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றும் அதே கையேடு சொல்கிறது.

பிறவியா, வளர்ப்பா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏழு வயது இரட்டையரிடம் எஸ்ஸி வைடிங் குழுவினர் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமின்மையோடு சேர்ந்த முரட்டு நடத்தையில் மரபணுவின் பங்கு மிக அதிகமாகத் தெரிந்தது. அத்தோடு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்ததுமே தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பெற்ற தாய் வழியாக அந்த அபாயம் வந்திருந்தாலும், வளர்ப்புத் தாய் நல்ல செயலை உடனுக்குடன் கவனித்துப் பாராட்டிய வீடுகளில் அது மட்டுப்பட்டது. இத்தகைய பிள்ளைகளிடம் அடி பலிப்பதில்லை, பாராட்டு பலிக்கிறது. ஓணானை விட்டுவிட்ட அன்றைக்கு அவனைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இரணியல், பள்ளி ஆசிரியர்: சில மாணவர்கள் ஒரு பையனைக் கேலி செய்து படம் பிடித்துப் பரப்புகிறார்கள். அவர்களுக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை. எந்தக் குணத்தில் சேர்ப்பது?

ஆதாயமே இல்லை என்று நீங்கள் கவனித்தது முக்கியமானது. பிறர் துன்பத்தில் இன்பம் காணும் அன்றாடச் சாடிசத்தை நான்காவது குணமாகச் சேர்த்தது அதற்காகவே. எரின் பக்கல்ஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட சோதனையில், பூச்சியைக் கொல்வது, கொல்பவருக்கு உதவுவது, கழிப்பறையைத் துப்புரவு செய்வது, பனி நீரில் கையை வைத்திருப்பது ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மூன்று பூச்சிகளுக்கும் செல்லப் பெயர் வைத்து, ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் விட்டிருந்தார்கள். காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தில் அவற்றைப் போட வேண்டும். உள்ளே தடுப்பு இருந்ததால் பூச்சிகள் சாகவில்லை என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியாது. சாடிச மதிப்பெண் அதிகம் பெற்றவர்களே கொல்வதை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் மாணவர்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். கூட்டத்தில் சிரித்தவனைத் தனியே அழைத்துப் பேசினால் பலர் கலங்குவார்கள். கலங்காத ஒருவன் இருந்தால் அவனைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

அழகியமண்டபம், கருங்கல், திங்கள்நகர், மூவர்: என் கணவர் நார்சிசிஸ்டா? என் மாமியார் நார்சிசிஸ்டா? என் மேலாளர் நார்சிசிஸ்டா?

எனக்குத் தெரியாது, நான் அவர்களைப் பார்த்ததில்லை. பெயர் சூட்டாதீர்கள். அவர் என்ன செய்கிறார், எப்போது செய்கிறார் என்று எழுதி வையுங்கள்.

மார்த்தாண்டம், ஒரு பெண்: பெயர் சூட்டாதீர்கள் என்று நீங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள், டீச்சர். என் கணவர் பீரோச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார். நான் வீடெங்கும் தேடி அழும்போது கூடவே தேடுவார். கடைசியில் அவரே எடுத்துக் கொடுத்து, 'உனக்கு மறதி முற்றிவிட்டது' என்று என் அம்மாவிடம் சொல்வார். ஊரில் அவரைப்போல் நல்லவர் இல்லை. ஒரு காணொளியில் 'நார்சிசிஸ்ட்' என்ற பெயரைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெயரை ஏன் பறிக்கிறீர்கள்?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்களைக் காப்பாற்றியது அந்தப் பெயர் என்று நான் நினைக்கவில்லை. சாவி தானாக அரிசிக்குள் போகாது என்பதை நீங்கள் கண்டுகொண்டதுதான் காப்பாற்றியது. அதற்கு அவருடைய ஆளுமைக்கு என்ன பெயர் என்று தெரிய வேண்டியதில்லை. பெயரைப் பிடித்துக்கொண்ட பெண்கள் பலர், 'அவருக்கு அந்த நோய் இருக்கிறதா, சிகிச்சை உண்டா' என்ற கேள்வியிலேயே ஆண்டுகளைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே பெயரைக் கணவர்மாரும் மனைவிமேல் போடுகிறார்கள். சுயமோகி என்று மனைவியைச் சொல்லிக்கொண்டு என் அறைக்கு வந்த ஆண்கள் குறைவல்லர்.

குழித்துறை, வழக்கறிஞர்: டீச்சர் சொல்வது சரி. மனுக்களில் 'நார்சிசிஸ்ட்' என்று பத்து இடத்தில் இருக்கும். தேதியும் நிகழ்ச்சியும் இருக்காது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உணர்ச்சி வழிக் கொடுமையும் பொருளாதாரக் கொடுமையும் அடங்கும். நோய்ப் பெயர் எதையும் அது கேட்கவில்லை.

ஆசாரிப்பள்ளம், செவிலியர்: நீதிமன்றம் வரை போனவர்களுக்கு அது சரி, ஐயா. வீட்டில் அப்பாவும் அண்ணனும் நம்பினால்தானே அங்கே போக முடியும்? 'சாவியை ஒளிக்கிறார்' என்றால் சிரிக்கிறார்கள்; மருத்துவப் பெயர் ஒன்றைச் சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள்.

செவிலியர் சொல்வதில் கனம் இருக்கிறது; நம் வீடுகளில் பெண்ணின் சொல்லைவிட மருத்துவச் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்த மதிப்பை இரவல் வாங்கினால், மறுநாள் கணவர் ஒரு மருத்துவரிடம் போய் 'எனக்கு எந்தக் கோளாறும் இல்லை' என்று சான்று வாங்கி வந்ததும் பெண்ணின் பேச்சு முழுவதும் பொய்யாகிவிடும். சாவி நிகழ்ச்சி தேதியோடு எழுதப்பட்டிருந்தால், எந்தச் சான்றும் அதை அழிக்காது.

மார்த்தாண்டம், அதே பெண்: எழுதி வைக்கிறேன். பெயரை மட்டும் விடமாட்டேன்.

உங்கள் மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகள் காதில் அது விழ வேண்டாம். 'உன் அப்பா சைக்கோ' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த இரத்தம் தன்னிடமும் ஓடுகிறதே என்று அஞ்சி வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

பூதப்பாண்டி, ஒருவர்: சாதகத்தில் இந்தக் குணங்களைக் கண்டுபிடிக்கலாமா?

என் துறை அன்று.

கோட்டாறு, கடைக்காரர்: இப்படிப்பட்டவர்கள்தானே தொழிலில் முன்னேறுகிறார்கள்?

முதல் பார்வையில் ஈர்க்கிறார்கள் என்பது உண்மை. பால்ஹஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் குழுக்கள் ஏழு வாரம் தொடர்ந்து கூடின. தம்மை மிகைப்படுத்திக்கொண்டவர்களை முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது. ஏழாவது கூட்டத்தில் பிடிக்கவில்லை. கோட்டாற்றில் வாடிக்கையாளர் ஒருமுறை வந்து போகிறவர் அல்லரே.

களியக்காவிளை, அருமனை, இருவர்: என் அண்ணன் சைக்கோபாத்தா? என் மருமகள் நார்சிசிஸ்டா?

மேலே மூவருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும். இனி இந்தக் கேள்வி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

தோவாளை, ஓர் இளைஞர்: என் தம்பி சிறுவர் சீர்திருத்த இல்லத்திலிருந்து வந்திருக்கிறான். இப்படிப்பட்டவர்கள் மாறவே மாட்டார்கள் என்கிறார்கள். மருந்து உண்டா?

ஈரமின்மைக்கென்று தனி மருந்து இல்லை, தம்பி. மாறவே மாட்டார்கள் என்ற பேச்சு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1960களில் நடந்த ஒரு சிகிச்சைக்குப் பிறகு பரவியது. அங்கே கைதிகளே ஒருவருக்கொருவர் சிகிச்சை செய்யும்படி விட்டிருந்தார்கள். சிகிச்சை பெற்ற சைக்கோபாத்கள் வெளியே வந்து, பெறாதவர்களைவிட அதிகமான வன்குற்றங்கள் செய்தார்கள் என்று 1992இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தோற்றது அந்த முறை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெண்டோட்டா இளையோர் மையத்தில், மிகக் கடினமான பையன்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதை விட்டு, அன்றன்றைய நல்ல நடத்தைக்கு அன்றன்றே சலுகை தந்தார்கள். வெளியே வந்த பிறகு அவர்களுடைய வன்குற்றங்கள் குறைந்தன.

உங்கள் தம்பிக்கு அந்தக் குணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால் முதலில் நீங்களே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். அவன் பூச்சந்தைக்கு உங்களோடு அதிகாலையில் எழுந்து வரத் தொடங்கியிருந்தால், அன்றைய கூலியை அன்றைக்கே அவன் கையில் கொடுங்கள்.