ஃபைபர் விளக்கு ஏன் எரியவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கொப்பரைக் களம் 400 மீட்டர் தூரம். அங்கே கேமரா வைக்க ஒற்றை இழை ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும், ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) மாட்டினோம். பவர் விளக்கு எரிகிறது, ஃபைபர் விளக்கு மட்டும் எரியவில்லை. கேபிளை மாற்ற வேண்டுமா?
- வாசகர், மீனாட்சிபுரம் (பாலக்காடு)

பதில்: கேபிள் மேல் கை வைக்காதீர்கள்! முதலில் இரண்டு பெட்டிகளின் ஸ்டிக்கரையும் படியுங்கள். ஒற்றை இழையில் ஒரு பெட்டி 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550-இல் வாங்கும். மறுமுனையில் இருப்பது நேர்மாறு. ஏ வகை ஒன்று, அதற்கு நேர்மாறான பி வகை ஒன்று என ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டும் ஏ என்றால் ஜென்மத்துக்கும் விளக்கு எரியாது. நானே ஒருமுறை கொழிஞ்சாம்பாறையில் நாள் முழுக்க இழையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம்தான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். தோட்டக்காரர் கொடுத்த இளநீர் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, ஜோடி பொருந்துகிறதா? அப்படியானால் கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். நீலத் துளையில் பச்சையைச் செருகக் கூடாது. பச்சையின் முனை சாய்வாகச் சீவியது. களத்துத் தூசியும் ஒளியை மறைக்கும், ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துடைக்கும்போது இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். அந்த ஒளி தெரியாது, ஆனால் இருக்கும். அப்புறம், ஒரு பெட்டியின் வேகம் 100 எம்பிபிஎஸ், மற்றதன் வேகம் 1000 என்றாலும் இதே கதைதான்.