டிஎல்எல் காணோமா? தனி ஃபைலைத் தேடாதீர்கள்

கேள்வி: வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றை இன்ஸ்டால் செய்தேன். திறந்தால் 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை, புரோகிராமைத் திரும்ப இன்ஸ்டால் செய்து பாருங்கள்' என்கிறது. செய்தும் பார்த்துவிட்டேன், அதே கதைதான். அந்த ஒரு ஃபைலை மட்டும் இலவசமாகத் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஎல்எல் என்பது பல புரோகிராம்கள் பொதுவில் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல், எல்லா டிஎல்எல்லும் விண்டோஸோடு வந்துவிடாது. நீங்கள் சொல்வது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரன்டைமை, அதாவது விஷுவல் சி++ கருவியில் எழுதிய புரோகிராம்கள் ஓடத் தேவையான ஃபைல் தொகுப்பைச் சேர்ந்தது. எடிட்டிங் மென்பொருளைத் தயாரித்தவர்கள் அதைத் தங்கள் செட்டப்பிலேயே சேர்த்துத் தந்திருக்க வேண்டும். தராமல் விட்டிருப்பார்கள், அல்லது தந்தும் சரியாக ஏறியிருக்காது. அப்புறம் எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்து என்ன?

மைக்ரோசாஃப்ட் தளத்துக்கே போய் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற தொகுப்பை இறக்குங்கள். 2015 முதல் வந்த பதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொகுப்புதான். அதில் எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு இருக்கும், உங்களுடையது 64 பிட் விண்டோஸ் என்றாலும் இரண்டையுமே போடுங்கள், ஏனென்றால் 32 பிட்டில் எழுதிய புரோகிராம் 32 பிட் டிஎல்எல்லைத்தான் எடுத்துக்கொள்ளும். போட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

சரி, தனி ஃபைல் ஏன் ஆகாது? அதற்குள் வைரஸ் இருக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அது இல்லாவிட்டாலும் சிக்கல்தான். இதைப் போட்டால் அடுத்து விசிரன்டைம்140 இல்லை என்று கேட்கும், அதையும் போட்டால் விசிரன்டைம்140_1 எங்கே என்று கேட்கும், ஒவ்வொன்றையும் வேறு வேறு பதிப்பில் இறக்கி வைத்திருப்பீர்கள். இன்னொரு கூத்து, 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், 32 பிட் ஃபைல்கள் இருப்பதோ சிஸ்வாவ்64 ஃபோல்டரில்! பெயரை நம்பி மாற்றிப் போட்டால் '0எக்ஸ்சி000007பி' என்று ஒரு பிழை எண் வந்து நிற்கும். அந்தத் தளங்கள் ரெக்எஸ்விஆர்32 என்ற கட்டளையையும் ஓட்டச் சொல்லும். இந்த ஃபைல் அப்படிப் பதிவு செய்கிற வகையே இல்லை, அதனால் அங்கேயும் ஒரு பிழைச் செய்திதான் மிச்சம்.

கேள்வி: விண்டோஸ் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினேன். சேதமான ஃபைல்கள் இருக்கின்றன, ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்கிறது. விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். விண்டோஸின் சொந்த ஃபைல் கெட்டால் எஸ்எஃப்சி அதற்கு நல்ல பிரதியை வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் உள்ள சேமிப்பிலிருந்து எடுக்கிறது. அந்தச் சேமிப்பே பழுதாகிவிட்டால் அது எங்கே போய் எடுக்கும்? ஆகவே முதலில் சேமிப்பைச் சரிசெய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்' என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஒவ்வொரு சாய்வுக்கோட்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி வேண்டும். இது நல்ல ஃபைல்களை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும் என்பதால் இணைய இணைப்பு இருக்கட்டும். சதவீதம் ஒரே இடத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கும், பயந்துபோய் மூடிவிடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுங்கள்.

சரியான பிறகும் சில நாளில் திரும்பத் திரும்ப ஃபைல் கெடுகிறதா? அப்போது சந்தேகப்பட வேண்டியது விண்டோஸை அல்ல, ஹார்ட் டிஸ்கையோ ரேமையோதான். முக்கியமானவற்றை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்கையும் ரேமைச் சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கையும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய கேம் ஒன்று டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை என்கிறது. கேம்களின் கிராஃபிக்ஸுக்கு உதவும் டைரக்ட்எக்ஸில் 12-ஆம் பதிப்பே என்னிடம் இருக்கிறதே, அதைவிடப் புதியதா வேண்டும்?

பதில்: புதியது இல்லை, பழையதுதான் வேண்டும். டி3டிஎக்ஸ்9 என்பது டைரக்ட்எக்ஸ் 9 காலத்துத் துணை ஃபைல்களின் வரிசை, 12 இருந்தாலும் அவை தானாக வராது. மைக்ரோசாஃப்ட் ஜூன் 2010-இல் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பைப் போடுங்கள், இருக்கிற 12-க்கு ஒன்றும் ஆகாது.

பொதுவாகவே ஃபைல் பெயரின் தொடக்கத்தைப் பார்த்தால் எந்தத் தொகுப்பு என்று பிடித்துவிடலாம். எம்எஸ்விசிபி, விசிரன்டைம் என்றால் விஷுவல் சி++; டி3டிஎக்ஸ் என்றால் டைரக்ட்எக்ஸ். இரண்டும் இல்லாத அறிமுகமற்ற பெயர் என்றால் அந்தப் புரோகிராமின் சொந்த ஃபைலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ரீஇன்ஸ்டால்தான் வழி, ஆனால் அதற்கு முன் ஆண்டிவைரஸ் சந்தேகப்பட்டு ஒதுக்கி வைத்த ஃபைல்களின் குவாரண்டைன் பட்டியலை ஒருமுறை பாருங்கள், அதுவே பிடித்து வைத்திருக்கக்கூடும்.