வெற்றுத் தாளில் வந்த உத்தரவு

கேள்வி: பிபிசியின் 'டார்ச்வுட்: சில்ட்ரன் ஆஃப் எர்த்' தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். அதில் வரும் அரசு அதிகாரி ஜான் ஃப்ரோபிஷரை வில்லன் என்பதா, பலியாடு என்பதா?
- வாசகி, திருச்சி

பதில்: வில்லன் என்றே சொல்வேன். அவர் பலியாடாகவும் ஆகிறார் என்பது உண்மைதான். ஆனால் அது ஐந்தாம் நாள் நடப்பது, அவர் இசைந்த கொலைகளோ முதல் நாளே தொடங்கிவிட்டவை. 2009 ஜூலை 6 முதல் 10 வரை ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான அந்தக் கதையில், 1965இல் பிரிட்டிஷ் அரசு 12 குழந்தைகளை வேற்றுக்கிரகவாசிகளிடம் இரகசியமாக ஒப்படைத்திருக்கிறது. அவர்களே மீண்டும் வந்து, இம்முறை உலகக் குழந்தைகளில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கிறார்கள். உள்துறையின் நிரந்தரச் செயலாளரான ஃப்ரோபிஷருக்கு அந்தப் பழைய பேரத்தில் எந்தப் பங்கும் இல்லை. ஆயினும், அதை அறிந்தவர்களைத் தீர்த்துக்கட்டும் உத்தரவு ஒரு வெற்றுத் தாளாக அவர் அலுவலகத்திலிருந்துதான் போகிறது. பின்னாளில் எவர் கோப்பைப் புரட்டினாலும் பொறுப்பாளி என்று ஒரு பெயரும் அகப்படாது.

குரலை உயர்த்தாமல், களைத்த முகத்தோடு பீட்டர் கபால்டி நடித்திருப்பதால் நம் மனம் அவர் பக்கம் சாய்கிறது. அரசும் ஏமாற்றப்பட்டதாக மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, அவருடைய இரு மகள்களையே கேமராக்களின் முன் ஒப்படைக்கச் சொல்கிறார் பிரதமர். ஃப்ரோபிஷர் வீடு திரும்பி, மனைவியையும் மகள்களையும் கொன்று தானும் மடிகிறார். அவருடைய உதவியாளர் பிரிட்ஜெட் ஸ்பியர்ஸ் அந்நேரத்தில் அவரை நல்ல மனிதர் என்று நினைவுகூர்கிறார், அது பொய்யன்று. ஆனால் ஊரார் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் வேலையை முகம் சுளிக்காமல் செய்த அந்த நல்ல மனிதருக்கு, தம் பிள்ளைகளும் அக்கணக்கில் சேர்ந்த பிறகே அது தாங்க முடியாததாகிறது. அவர்மீது இரக்கம் வரச் செய்து, அதே வேளையில் மன்னிப்பை மறுத்ததே எழுத்தாளர்களின் பெரும் சாதனை என்று கருதுகிறேன்.

கேள்வி: எந்தக் குழந்தைகளைக் கொடுப்பது என்று அமைச்சரவை பேசும் காட்சி மிகையாகத் தோன்றவில்லையா?
- வாசகர், கோவை

பதில்: இல்லை. தொடரின் உயிரே அந்தக் காட்சிதான். அங்கே எவரும் கொடூரமாகப் பேசுவதில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டா என்று கேட்டுக்கொண்ட பின், பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலில் கடைசியில் இருப்பவற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனைக்கு வந்து சேர்கிறார்கள். 1942 ஜனவரி 20 அன்று, பெர்லின் புறநகரான வான்சேயில் ஒரு மாளிகையில் கூடிய 15 நாஜி அதிகாரிகளில் பாதிக்கு மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஐரோப்பிய யூதர்களின் அழிவைத் துறைவாரியாக அவர்கள் விவாதித்ததை, அவர்களில் ஒருவரான ஐக்மன் கூட்டக் குறிப்பாகத் தொகுத்தபோது, கொலை என்று எழுதாமல் வெளியேற்றம் என்றே எழுதினார். அதைப் படித்தவர்களுக்கு இந்த அமைச்சரவைக் கூட்டம் மிகையாகத் தோன்றாது.