பேருந்து கிளம்பும் முன்

உங்கள் மகள் மதுராந்தகத்திலிருந்து நாள்தோறும் பொறியியல் கல்லூரிப் பேருந்தில் போய் வருகிறார் என்றும், முதல் பருவத்தில் கணிதத்திலும் பைத்தான் நிரலாக்கத்திலும் தேறாமல் அரியர் விழுந்துவிட்டதால் விடுதியில் சேர்த்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை எடுக்கும் முன், கல்லூரியில் அவருக்கு ஒதுக்கப்பட்ட மென்டார், அதாவது வழிகாட்டி ஆசிரியர், அவரை எந்த நேரத்தில் சந்திக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

புதிய மாணவர்களைச் சுமார் 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக்க வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் அறிமுகப் பயிற்சித் திட்டமே சொல்கிறது. ஆகவே மென்டார் இல்லாத கல்லூரி அரிது. ஆனால் பல இடங்களில் சந்திப்பு கடைசி வகுப்புக்குப் பிறகுதான் நடக்கிறது. பேருந்தோ 4.30 மணிக்குக் கிளம்பிவிடும். டே ஸ்காலர் மாணவி மென்டார் நோட்டில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறார். (கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்குக் காட்டுவதற்கு அந்த நோட்டு மட்டும் ஒழுங்காக இருக்கும்.)

விடுதி மாணவிக்குக் கிடைப்பதும் இவருக்குக் கிடைக்காததும் பெரும்பாலும் பாடமல்ல. இரவு ஒன்பது மணிக்கு நிரலில் ஒரு வைல் லூப் ஏன் முடிவில்லாமல் ஓடுகிறது என்று புரியாவிட்டால் விடுதி மாணவி பக்கத்து அறைக் கதவைத் தட்டுவார். எந்த அலகை விட்டால் தேறவே முடியாது, கல்லூரியே போடும் இன்டர்னலுக்கான 40 மதிப்பெண் எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதையெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே சீனியர்களிடம் கேட்டுக்கொள்வார். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்திருக்கும் பிள்ளைக்கு இவற்றை வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்பது யாருடைய குற்றமும் அன்று.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வையுங்கள். மென்டார் சந்திப்பு வாரத்தில் ஒரு பீரியடாகக் கால அட்டவணைக்குள்ளேயே வர வேண்டும் என்பது ஒன்று. மற்றது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: துறைவாரியாக மட்டுமின்றிப் பேருந்துத் தடவாரியாகவும் சீனியர் வழிகாட்டிகளை நியமிக்கச் சொல்லுங்கள். மடியில் வரைபடக் கருவியான மினி டிராஃப்டரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வரும் முதலாண்டு மாணவிக்கு, அதே வண்டியில் வரும் மூன்றாமாண்டு மாணவியைவிட எளிதில் கிடைக்கக்கூடிய துணை வேறு இல்லை. பல கல்லூரிப் பேருந்துகளில் மாணவர்களும் மாணவிகளும் தனித்தனிப் பகுதிகளில்தான் உட்காருகிறார்கள் என்பதால் தடத்துக்கு இருவர் வேண்டும். அந்தப் பொறுப்புக்கு முதல் மதிப்பெண் எடுத்தவரைத் தேடுவதை நான் விரும்புவதில்லை. முதலாண்டில் அரியர் வைத்து, அதை எழுதித் தேறியவருக்கே எங்கே வழுக்கும் என்பது நன்றாகத் தெரியும். அவருக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போவது, பணக்கஷ்டம், மனச்சோர்வு போன்றவற்றை ஒரு மாணவியின் தலையில் கட்டிவிட முடியாது.

கல்லூரி மனம் வைக்கத் தாமதமானால், அதே தடத்தில் வரும் ஒரு சீனியரை நீங்களே விசாரித்து மகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். விடுதிச் செலவைப் பற்றி இரண்டாம் பருவ இன்டர்னல் மதிப்பெண் வந்த பிறகு பேசலாம். அதற்குள் அந்த இரண்டு அரியர் தாள்களுக்கும் தேர்வு விண்ணப்பமும் கட்டணமும் கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்தனவா என்பதை மட்டும் அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.