சார்ட்டில் எழுத்து தடிக்க மாட்டேங்குதா?

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு பார்க்கிறேனுங்க. விரலி, கிழங்கு விலையை மேட்பிளாட்லிப்பில் (பைத்தானில் சார்ட் வரையும் நூலகம்) சார்ட் போடுகிறேன். போல்டு என்று கொடுத்தும் இங்கிலீஷ் மட்டுமே தடிக்கிறது, தமிழ் மெலிசாகவே நிற்கிறது. ஏனுங்க?

போல்டு என்பது தனி ஃபான்ட் ஃபைல். அது இல்லாவிட்டாலும் வேர்டு தானே கோட்டைத் தடித்துக் காட்டிச் சமாளித்துவிடும். மேட்பிளாட்லிப் சமாளிக்காது, இருக்கிற ஃபைலைத்தான் போடும். அதன் கூடவே வரும் டெஜாவூ சான்ஸ் ஃபான்டில் போல்டு உண்டு, அதனால் இங்கிலீஷ் தடிக்கிறது.

நீங்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டின் வேரியபிள் ஃபைலை மட்டும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாத் தடிமனும் அதற்குள் இருந்தாலும் மேட்பிளாட்லிப்புக்கு அதைப் பிரித்து எடுக்கத் தெரியாது. ஃபான்டோடு வரும் ஸ்டேட்டிக் ஃபோல்டரில் இருக்கும் போல்டு ஃபைலை எடுத்து, மேட்பிளாட்லிப்பின் ஃபான்ட் ப்ராப்பர்ட்டீஸில் அதன் பாதையை நேரடியாகக் கொடுங்கள். அப்புறம் வெயிட் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

தடித்தபின் 'விலை' என்ற சொல்லைப் பாருங்கள். ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால் போய் நின்றால், அது போல்டு தொல்லை இல்லை. எழுத்தைக் கோத்து வடிவமைக்கும் வேலையை மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்புகள் செய்வதில்லை. மேட்பிளாட்லிப்புக்கு வரைந்து கொடுக்கும் எம்பிஎல்கெய்ரோவை, எழுத்தைக் கோக்கும் ராக்கம் நூலகத்தோடு சேர்த்துப் போட்டால் சரியாகும். தமிழ் நிறைய வரும் சார்ட் என்றால் நான் பிளாட்லி என்ற இன்னொரு சார்ட் நூலகத்துக்கே போய்விடுவேன். அங்கே எழுத்தைக் கோப்பது பிரவுசர், அதற்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். தலைப்பில் பையர் பெயர் மட்டும் தடிக்க வேண்டும்.

பிளாட்லியில் அந்தப் பெயரை எச்டிஎம்எல்லின் 'பி' டேகுக்குள் வையுங்கள், முடிந்தது. மேட்பிளாட்லிப்பில் இரண்டு டாலர் குறிக்கு நடுவே பேக்ஸ்லாஷ் போட்டு மேத்பிஎஃப் என்று எழுதி, பெயரைச் சுருள் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். பெயரில் இடைவெளி இருந்தால் அது விழுங்கிவிடும், ஒவ்வோர் இடைவெளிக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் போடுங்கள். தமிழ்ப் பெயருக்கு இந்த வழி வேண்டாம். பெயரைத் தனி வரியாக்கி, அந்த வரிக்கு மட்டும் போல்டு கொடுப்பதே நிம்மதி.

நாமக்கல் முட்டை விலை சார்ட்டில் அச்சு எண்களைத் தடிக்க மேட்பிளாட்லிப்பின் டிக் பாராம்ஸில் வெயிட் கொடுத்தால் எரர் வருதுங்க.

அதில் அப்படி ஒரு வசதி இல்லை. டிக் லேபிள்களை, அதாவது அந்த அச்சு எண்களை எடுத்து, லூப் போட்டு ஒவ்வொன்றுக்கும் செட் ஃபான்ட்வெயிட் கொடுங்கள். மொத்த சார்ட்டுக்குமான அமைப்பான ஆர்சி பாராம்ஸில் பொதுவான ஃபான்ட் வெயிட்டை மாற்றினாலும் எண்கள் தடிக்கும். ஆனால் அச்சின் பெயருக்கும் தலைப்புக்கும் அங்கே தனித்தனி அமைப்பு இருக்கிறது, அவை அசையாது.

பொள்ளாச்சியிலிருந்து: தேங்காய் விலை எக்செல் சார்ட்டை எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரில் (எக்செல் ஃபைல் எழுதும் பைத்தான் நூலகம்) செய்கிறேன். எல்லா மாத லேபிளையும் போல்டாக்கிவிட்டேன், அப்பா கண்ணாடி இல்லாமல் பார்க்கட்டும் என்று.

அப்பாவுக்குத் தேவை பெரிய எழுத்து, சைஸைக் கூட்டுங்கள். போல்டை விலை படுத்த மாதத்துக்கு மட்டும் விடுங்கள். டேட்டா லேபிளில் கஸ்டம் என்ற பட்டியல் இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றாக அதை நிரப்பி, தடிக்க வேண்டிய மாதத்தில் ஃபான்ட் போல்டு என்றும் மற்றதில் பைத்தானின் 'நன்' (None, ஒன்றுமில்லை) என்றும் கொடுத்தால் போதும்.