வீட்டுக் குப்பை: ஈரத்தைத் தனியாக எடுங்கள், மற்றது எளிது (கேள்வி பதில்)

வேளச்சேரி வாசகர்: குப்பையைப் பிரிக்க மாநகராட்சிக்கு ஆள் இல்லையா? நாம ஏன் பிரிக்கணும்?

ஒரு அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்காரர் காலையில் எடைபோட்டு வாங்குவார். மதியம் அதன்மேல் மிச்சக் குழம்பைக் கொட்டிவிட்டால் தொடமாட்டார். அதன்பின் எத்தனை ஆள் வைத்தாலும் அதை மீட்க முடியாது. அது போய்ச் சேருமிடம் கொடுங்கையூர் அல்லது பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த நிலம் அது. மலைபோல் குவிந்த குப்பைக்கு அடியில், காற்றில்லாமல் அழுகும் சோறும் காய்கறியும் மீத்தேன் வாயுவை விடுகின்றன. தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ பல நாள் புகைந்தது.

சட்டமும் பிரிக்கும் பொறுப்பை வீட்டின்மேல்தான் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2026 விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன.

மதுரை வாசகி: பால் கவர், சிப்ஸ் கவர் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பால் கவர் ஒரே வகைப் பாலித்தீன், மறுசுழற்சிக்குப் போகும். வெட்டும்போது மூலையைத் துண்டாக எடுக்காமல் தொங்கவிடுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்கமாட்டார்கள், சாக்கடைக்குத்தான் போகும். கவரை அலசிக் கவிழ்த்துக் காயவையுங்கள். சிப்ஸ் கவர் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் சேர்ந்த பல அடுக்கு. கடைக்காரர் வாங்கமாட்டார். உலர் குப்பையில் கொடுத்தால் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகவாவது போக வழியுண்டு.

கோவை வாசகி: பால்கனியில உரம் போடணும். முதல்லேருந்து சொல்லுங்க.

நாலு பேர் வீட்டில் நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஈரக்கழிவு வரும். 20 லிட்டர் வாளி பத்து நாளில் நிரம்பித் திணறும். மூடியுள்ள 50 லிட்டர் டிரம் இரண்டு வாங்குங்கள், மூன்று இருந்தால் நிம்மதி. பக்கவாட்டில் நாலாபுறமும் நான்கு விரல் இடைவெளியில் அரை சென்டிமீட்டர் துளைகள், அடியில் ஏழெட்டு, அதற்குக் கீழே ஒரு தட்டு.

அடியில் மூன்று அங்குலம் சருகு அல்லது தென்னை நார்த்தூள். அதன்மேல் அன்றன்றைய கழிவை ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அதே அளவு சருகால் மூடுங்கள். இந்தச் சருகில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள், நாற்றம் தொடங்குவதும் அங்கேதான். தொடக்கத்தில் ஒரு டம்ளர் புளித்த மோர் அல்லது ஒரு கைப்பிடி பழைய உரம் போதும். வாரம் இருமுறை அடிவரை கிளறுங்கள். நிரம்பியதும் மூடி ஒன்றரை மாதம் விட்டு, அடுத்த டிரம்மைத் தொடங்குங்கள்.

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் அரிசி களைந்த நீரைத் தெளியுங்கள், எறும்பு வந்தாலும் இதே வைத்தியம்தான். அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்றில்லை, கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு போடுங்கள். வெள்ளைப் பூஞ்சை நல்ல அறிகுறி.

எதையும் கவரோடு போடாதீர்கள்.

தாம்பரம் வாசகர்: புழு வருதே?

பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும். பிடிக்கவில்லையென்றால் இரண்டு அங்குலம் சருகு போட்டு மூடுங்கள்.

ஆவடி வாசகர்: உரத்துல புழு, என்ன செய்ய?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

அண்ணா நகர் வாசகி: நாங்க பிரிச்சுத்தான் குடுக்குறோம். வண்டியில ஒண்ணாக் கொட்டுறாங்க!

உங்கள் கோபம் நியாயம். வண்டி எண்ணோடு படமெடுத்து, சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அதோடு, ஈரத்தை வீட்டிலேயே உரமாக்கி, உலர்ந்ததைச் சேர்த்து வைத்துக் காயலான் கடைக்குக் கொடுங்கள். வண்டிக்குப் போவதே சொற்பமாகிவிடும். கலக்க எதுவும் மிஞ்சாது.

போரூர் வாசகர்: அப்போ அவங்க தப்பை நம்ம தலையில கட்டுறீங்க. வரி எதுக்குக் கட்டுறோம்?

வரிக்கு உரிய சேவையைக் கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள். ஆனால் வண்டி திருந்தும்வரை கலந்தே போடுவேன் என்றால், அந்தக் குப்பைக்குள் கைவிடுகிற தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் உங்கள் பிளேடு அறுக்கும், அதிகாரியின் விரலை அல்ல.

அண்ணா நகர் வாசகி: எங்க அடுக்ககத்துல 120 வீடு. நான் ஒருத்தி உரம் போட்டு என்ன ஆகும்?

உங்களுக்கு வேறு பிடி இருக்கிறது. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் இடத்தைத் திடக்கழிவு விதிகள் பெருங்கழிவு உருவாக்குநர் என்கின்றன. அப்படிப்பட்ட குடியிருப்பு வளாகம் மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும். சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் வையுங்கள்.

போரூர் வாசகர்: சரி, பிளேடை எப்படித்தான் குடுக்குறது?

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி எல்லாவற்றையும் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி, மேலே எழுதிக் கொடுங்கள். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் பெரிய புள்ளி வையுங்கள். கவர் வேண்டாம்.

சேலம் வாசகி: 'மக்கும்' என்று அச்சிட்ட கவரை உரத்தில் போடலாமா?

வேண்டாம். அவை மக்குவது சுமார் 60 டிகிரிச் சூட்டில் இயங்கும் உர ஆலையில். உங்கள் டிரம் அந்தச் சூட்டை எட்டாது. கவரைப் பிரித்து உள்ளிருப்பதை மட்டும் கொட்டுங்கள். கட்டிய கவரோடு தெருவில் போட்டால் சோற்றோடு சேர்த்து மாடு விழுங்கும்.

திருச்சி வாசகர்: சிஎஃப்எல் பல்பு, செல்போன் பேட்டரி?

பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். கால்மணி கழித்து வந்து, துடைப்பம் போடாமல், அட்டையால் திரட்டி ஜாடியில் மூடுங்கள். பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் குப்பை வண்டி அமுக்கும்போது தீப்பற்றலாம். இரண்டையும் அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள்.

ஓசூர் வாசகர்: பிளாஸ்டிக்கை எரிச்சா தொல்லை தீருமே?

எரிக்கவே கூடாது. பிவிசி பிளாஸ்டிக் கலந்தால் டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். திறந்தவெளியில் எரிப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என 2016லேயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

கடலூர் வாசகி: உரத்துல புழு...

மேலே பாருங்கள். சருகு போடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: கொட்டாங்குச்சி மக்குமா?

ஆண்டுக்கணக்கில் ஆகும். தனியே சேர்த்து, விறகடுப்பு உள்ளவருக்கோ கரி செய்பவருக்கோ கொடுங்கள். நாரைப் பிய்த்து டிரம்மின் அடியில் விரிக்கலாம்.