கிரில்லைத் தேய்ப்பது யார்?

கேள்வி: கொல்லையில் இருக்கும் எங்கள் கேஸ் கிரில் மூன்றே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவே மாட்டேன் என்கிறது. இதைப்போல மூன்று மடங்கு விலையில், நாலு பர்னரோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் வீட்டுக்கே நான்தான் சமைக்கிறேன். மறுநாள் தேய்த்துக் கழுவும்போது இடுப்பு வலிக்கிறது என்கிறார் அம்மா. புதியதில் அந்த வேலையும் சுலபமாம். மனைவியோ வீண்செலவு என்கிறார். கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில்: தம்பி, பர்னருக்கும் ஸ்டீலுக்கும் இத்தனை வரி எழுதியவர், அம்மாவின் இடுப்பு வலியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதுவும் புது கிரில் வாங்க ஒரு சாக்காக. அவர் ஏன் தேய்க்கிறார் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? பெயரும் பாராட்டும் மகனுக்கு, மறுநாள் கரியும் பிசுக்கும் பெற்றவளுக்கு என்றால் அது என்ன நியாயம்? அடுப்பைத் துடைத்து வைத்தால்தான் சமையல் முடிந்தது. பாதியில் எழுந்து போகிறவர் "நான்தான் சமைக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

உங்கள் கிரில் கெட்டதும் இதனால்தான். கடைசித் துண்டை எடுத்த கையோடு மூடியைப் போட்டுத் தீயைக் கூட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், கம்பியில் ஒட்டியதெல்லாம் கருகி உதிரும். பிறகு தீயை அணைத்துவிட்டு, சூடு இருக்கும்போதே பிரஷால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். பிரஷின் கம்பி முறிந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம், அது சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போனால் ஆபத்து. ஆகவே ஆறிய பின் ஈரத்துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். இதையே ராத்திரி முழுக்க விட்டால் கொழுப்பு உறைந்து பசையாகிவிடும். வயதான மனுஷி குனிந்து சுரண்ட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் மூலைமுடுக்கில் தங்கினால் இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? பர்னர் துளைகளிலும் பிசுக்கும் துருவும் அடைத்திருக்கும். ஒரு பக்கம் வேகாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இதற்காக அம்மாவைக் குறை சொல்லக் கிளம்பாதீர்கள், ராத்திரியே போட்டுவிட்டுப் போனது நீங்கள்.

சரி, விலைக்கு வருவோம். விலை கூடினால் நல்லது கிடைக்காமல் இல்லை. தகடும் மூடியும் கனமாக இருந்தால், காற்றடித்தாலும் திறந்து மூடினாலும் சூடு சட்டென்று இறங்காது. ஆனால் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று எழுதியிருந்தால் மட்டும் மயங்காதீர்கள். 304 என்ற ரகத்தில் நிக்கல் உண்டு, துருவை நன்றாகத் தாங்கும். 430 அவ்வளவு தாங்காது. கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், பலமாக ஒட்டினால் அது பெரும்பாலும் 430 மாதிரி ரகம்தான். வெளியே பளபளப்பு, உள்ளே மெல்லிய பர்னர் என்று விற்பதும் உண்டு, ஆகவே பர்னரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிடியூ (BTU) என்ற வெப்ப அளவின் எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள். அது மணிக்கு எவ்வளவு கேஸ் எரிகிறது என்ற கணக்கு, கம்பித்தட்டில் எவ்வளவு சூடு நிற்கிறது என்பதல்ல. வாரன்டியில் துருவுக்கு என்ன நிபந்தனை என்று படித்துப் பாருங்கள்.

சுத்தம் செய்வது சுலபம் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். எந்த விலை கிரில்லிலும் கொழுப்பு சொட்டும், கீழ்த்தட்டு நிறையும். கொட்டாமல் விட்டால் ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும்.

ஆகவே இப்போது வாங்காதீர்கள். செலவை எதிர்க்கும் உங்கள் மனைவி சொல்வது சரிதான். ஆனால் மாமியார் குனிந்து தேய்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? செலவைப் பேசும் முன் அவர் உங்களிடம் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், தேறாவிட்டால் பர்னரையும் கம்பித்தட்டையும் மட்டும் மாற்றுங்கள். திரும்ப மாட்டியதும் கேஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவையுங்கள். பெட்டியின் அடித்தகடே துருவில் ஓட்டை விழுந்திருந்தால் அது வேறு விஷயம், அதில் சமைக்கவே கூடாது. இல்லையென்றால் ஒரு வருடம் முழுக்க நீங்களே தேய்த்துத் துடைத்து வையுங்கள். அப்புறமும் போதவில்லை என்றால் அந்த விலைக்கே தாராளமாக வாங்குங்கள், உங்கள் கையில் அது நிலைக்கும்.

"இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மாவிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. பழக்கத்தில் காலையில் பிரஷோடு போய் நிற்பார். ஞாயிறு ராத்திரி நீங்கள் படுக்கப் போகும் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.